புட்டிக்குள் ஓர் ஆண்டு

2010ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஃபின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே பால்டிக் கடலில் சிதறிக் கிடக்கும் ஓலந்துத் தீவுகளுக்குத் தெற்கே, சுமார் ஐம்பது மீட்டர் ஆழத்தில், பெயர் தெரியாத ஒரு பழைய பாய்மரக் கப்பலை முக்குளிப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். கப்பலின் வயதை அறிவதற்காக அதிலிருந்து ஒரு புட்டியை மேலே எடுத்துவந்தார்கள். படகில் வைத்தே அதைச் சுவைத்தும் பார்த்துவிட்டார்கள். உள்ளே இருந்தது கடல்நீர் அல்ல, ஷாம்பெய்ன். கரையேறிய புட்டிகள் மொத்தம் 168. சீட்டுகள் எல்லாம் எப்போதோ கரைந்து போயிருந்தன. தக்கைகளின் அடிப்பகுதியில் சூட்டுக்கோலால் பொறித்த முத்திரைகளை வைத்துத்தான் அவை எந்தெந்த நிறுவனத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தது: வெவ் கிளிக்கோ, ஹெய்ட்சீக், இன்று இல்லாமற் போய்விட்ட ஜுக்ளார். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் புட்டியில் அடைக்கப்பட்டு, வெளிச்சமே படாமல், இரண்டிலிருந்து நான்கு டிகிரிக் குளிரில் கிடந்த மது.

ரீம்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் ஜான்தே என்ற உயிர்வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் இம்மதுவைப் பகுத்தாய்ந்து 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எண்களும் அட்டவணைகளும் நிறைந்த அவ்வறிக்கையில் என்னை நிறுத்தியது சுவைஞர்கள் சொன்ன பகுதி. கிண்ணத்தில் ஊற்றியவுடன் ஈரமான விலங்கு ரோமத்தின் வாடை. பாலாடைக்கட்டியின் நெடி. முகம் சுளிக்க வைக்கும் வாசனைகள்தாம். ஆனால் கிண்ணத்தைச் சற்றுச் சுழற்றிக் காற்றுப் படவிட்டதும் அவை விலகின. புகை, பதனிட்ட தோல், வறுத்த மசாலா எனத் தொடங்கி, கடைசியில் பூவும் பழமுமாக மணம் விரிந்ததாம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடலடியில் மூச்சடக்கிக் கிடந்த ஒன்று, காற்றுப் பட்டதும் வாய் திறந்து பேசத் தொடங்கியிருக்கிறது.

அடுத்த ஆண்டு, 2011 ஜூனில், அத்தீவுகளின் தலைநகரான மேரிஹாமில் நடந்த ஏலத்தில் அவற்றுள் ஒரு வெவ் கிளிக்கோ புட்டி 30,000 யூரோவுக்கு விலைபோயிற்று. அந்த விலை நாவுக்கா, பெயருக்கா, காலத்துக்கா என்ற கேள்வி எனக்குள் அப்போதிருந்தே உண்டு. உயர்விலை ஷாம்பெய்ன் எதைப் பற்றியும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். கேட்காமல் குடிப்பவர்களே அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்வி என் கைக்கே வந்து சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் 2008ஆம் ஆண்டு டோம் பெரிஞோன் புட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நாங்கள் ஆறு பேர். ஆளுக்கு நூற்றிருபது மில்லிலிட்டர்தான் தேறும். தவறுகளை எல்லாம் ஒழுங்காகச் செய்தோம். உறையும் அளவுக்குக் குளிர்வித்தோம். ஒல்லியான நீள்கிண்ணங்களைத் தேடிப் பிடித்தோம். முதல் மிடறு எலுமிச்சைச் சாறு கலந்த சோடாவைப் போல இருந்தது. ‘இதற்கா இந்த விலை’ என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். நானும் மனத்துக்குள் அதையேதான் கேட்டேன்.

பேச்சு வேறு திசையில் போய்விட்டது. அரை மணி நேரம் கழித்து, கிண்ணத்தில் எஞ்சியிருந்ததை எடுத்தபோது அது வேறொரு மதுவாக இருந்தது. குளிர் தணிந்திருந்தது, நுரையும் அடங்கியிருந்தது. முதலில் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் மணம். அதன் பின்னால் வறுத்த பாதாம். இன்னும் பின்னால், விழுங்கி முடித்த பிறகு, மழைக்குப் பின் சுண்ணாம்புச் சுவரிலிருந்து வருமே, அது போன்ற ஒன்று. புளிப்பு அப்படியே இருந்தது, ஆனால் இப்போது அது குத்தவில்லை. மற்ற மணங்களையெல்லாம் கோத்து நிறுத்தும் நாராக இருந்தது. இவ்வகை மதுவைப் பத்துப் பன்னிரண்டு டிகிரியில், இடை பருத்து வாய் சற்றுக் குறுகிய கிண்ணத்தில் அருந்த வேண்டும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதிகக் குளிர் மணத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

குமிழிகளைப் பற்றியும் அப்போதுதான் படித்தேன். ரீம்ஸில் கெரார்ட் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் தம் வாழ்நாள் ஆய்வையே ஷாம்பெய்ன் குமிழிக்குக் கொடுத்திருக்கிறார். குமிழி கண்ணாடியிலிருந்து பிறப்பதில்லை. துடைத்த துணியிலிருந்தோ காற்றிலிருந்தோ கிண்ணத்தில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத நார்த் துணுக்குகளின் உள்ளே சிக்கிய காற்றிலிருந்து அது பிறக்கிறது. மேலே வந்து வெடிக்கும் ஒவ்வொரு குமிழியும் நுண்துளிகளை வீசியெறிகிறது. அத்துளிகளில்தான் மணப்பொருள்கள் செறிந்திருக்கின்றன. ஒரு கிண்ணத்தை அருந்தாமல் வைத்துவிட்டால் சுமார் பத்து லட்சம் குமிழிகள் எழும் என்பது அவர் கணக்கு. பழைய மதுவில் குமிழி நுண்ணியதாக இருப்பதற்குக் காரணம், ஆண்டுக்கணக்கில் அடைப்பின் வழியே வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து குறைந்துவிடுவது. அந்த மென்மை காத்திருப்பின் விளைவு.

நிற்க. புட்டியின் மேல் எழுதியிருக்கும் அந்த ஆண்டுக்கு வருவோம்.

ஷாம்பெய்ன் மாநிலம் திராட்சை வளர்வதற்கு ஏறத்தாழ வடக்கு எல்லை. பெரும்பாலான ஆண்டுகளில் பழம் முழுதாகப் பழுக்காது. ஆகவே அங்கே தொழிலே கலப்புத்தான். பல ஊர், பல வகைத் திராட்சை, பல ஆண்டுகளின் சேமிப்பு மது எல்லாவற்றையும் கலந்து, எந்த ஆண்டு வாங்கினாலும் ஒரே சுவை இருக்கும்படி செய்வது. கெட்ட ஆண்டை நல்ல ஆண்டு தாங்கிக்கொள்ளும், கூட்டுக்குடும்பம் போல. விளைச்சல் ஆண்டு பொறித்த புட்டி, அதாவது விண்டேஜ், அந்தக் குடும்பத்திலிருந்து தனித்து நிற்கும் துணிவு. இந்த ஓராண்டின் வெயிலும் மழையும் மட்டுமே போதும், வேறெதுவும் கலக்கத் தேவையில்லை என்ற அறிவிப்பு. சட்டப்படி மூன்றாண்டு முதிர வேண்டும். பெயர்பெற்ற நிறுவனங்கள் எட்டு, பத்து ஆண்டு வைக்கின்றன. லெ மெனில் என்ற ஒரே ஊரின், ஷார்டொனே என்ற ஒரே வகைத் திராட்சையில் செய்யும் சலோன் நிறுவனம், தகுதியான ஆண்டில் மட்டுமே தன் மதுவை வெளியிடும். இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும் அது வெளியிட்ட ஆண்டுகள் நாற்பதை எட்டவில்லை.

2008 குளிர்ந்த, மந்தமான கோடை. செப்டம்பரில் வானம் தெளிந்து வெயில் வந்ததால் தப்பிய ஆண்டு அது. என் நாவில் குத்திய அந்தப் புளிப்பு அந்தக் கோடையினுடையது. அந்த மது முதிர நேரம் கேட்டதால், அதற்கு அடுத்த ஆண்டான 2009ஐ முதலில் விற்றுவிட்டு, 2008ஐ 2019இல்தான் சந்தைக்கு விட்டார்கள். தம்பிக்கு முதலில் திருமணம் செய்துவைத்த கதை. இப்படிப்பட்ட புளிப்பு இனி அரிதாகலாம். முன்பெல்லாம் செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கிய அறுவடை, 2003, 2011, 2018, 2020, 2022 என்று பல ஆண்டுகளில் ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது.

டோம் பெரிஞோன் என்ற பெயரைப் பற்றி ஒரு சொல். பியேர் பெரிஞோன் என்ற பெனடிக்டின் துறவி 1668இலிருந்து 1715இல் இறக்கும்வரை ஓவிலேர் மடத்தின் பண்டசாலையைக் கவனித்தவர். ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்வது பிற்காலக் கதை. நட்சத்திரங்களைப் பருகுவதாக அவர் வியந்து கூவியதாகச் சொல்வதும் விளம்பரக்காரர்களின் கைவரிசை. உண்மையில் அவர் காலத்தில் குமிழி ஒரு நோய். குளிர்காலத்தில் நின்றுபோன நொதித்தல் வசந்தத்தில் மீண்டும் தொடங்கி, புட்டிகளை உடைத்து நாசம் செய்யும். அந்தக் குமிழியை ஒழிக்கப் பாடுபட்டவர் பெரிஞோன். பல தோட்டத்துப் பழங்களைக் கலப்பதில் வல்லவர் என்பது மட்டும் மெய். கலப்பில் பெயர்பெற்றவரின் பெயரை ஓராண்டின் மதுவுக்குச் சூட்டியிருக்கிறார்கள். நொதிக்கும் மதுவில் சர்க்கரை சேர்த்துக் குமிழி எழுப்புவதைப் பற்றிக் கிறிஸ்டபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் 1662இலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்துவிட்டார். நிலக்கரி உலையில் செய்த உறுதியான ஆங்கிலக் கண்ணாடிப் புட்டிதான் அந்த அழுத்தத்தைத் தாங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் இதை அவ்வளவு உற்சாகமாகப் பேசுவதில்லை.

குமிழியை விரும்பத் தொடங்கிய பிறகு வந்த சிக்கல் மண்டி. புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்கும்போது இறந்த ஈஸ்ட் அடியில் படிந்து மதுவைக் கலங்கலாக்கும். ஆனால் நான் உணர்ந்த ரொட்டி மணமும் அந்த மண்டியிலிருந்தே வருகிறது. அதன்மேல் ஆண்டுக்கணக்கில் மது கிடந்து ஊற வேண்டும், ஊறிய பின் குமிழி போகாமல் அதைப் பிரிக்கவும் வேண்டும். இதற்கு வழிகண்ட பெருமை பார்ப்-நிக்கோல் கிளிக்கோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1805இல் தமது இருபத்தேழாம் வயதில் கணவரை இழந்து, வணிகத்தைத் தாமே நடத்திய பெண். ‘வெவ்’ என்றால் பிரெஞ்சில் கைம்பெண் என்றுதான் பொருள். துளையிட்ட மேசையில் புட்டிகளைத் தலைகீழாகச் சாய்த்து, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பினால் மண்டி கழுத்தில் வந்து சேரும். தக்கையைத் திறந்ததும் அது தெறித்து வெளியேறிவிடும். மிஞ்சுவது தெளிவு. நம் சங்கப் புலவர்கள் தெளிந்த மதுவைத் தேறல் என்றார்கள். மூங்கிற் குழாயில் ஊற்றி நாட்பட முதிரவைத்த தேறலையும் அறிந்திருந்தார்கள். தெளிதலும் முதிர்தலும் ஒரே சொல்லில் வந்து சேர்வதைக் கண்டபோது கிளிக்கோ அம்மையாருக்கு இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

அவருக்கு வாய்த்த ஆண்டு 1811. அவ்வாண்டு மாதக்கணக்கில் வெறும் கண்ணுக்குத் தெரிந்த பெரிய வால்மீன், ஷாம்பெய்ன் வானத்தையும் கடந்தது. விளைச்சலும் அருமையாக அமைந்தது. நெப்போலியனின் போர்களால் கடல்வழி அடைபட்டிருந்த நிலையில், 1814இல் வழி திறந்ததும் போட்டியாளர்களை முந்திக்கொண்டு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புட்டிகளைக் கோனிக்ஸ்பெர்க் துறைமுகம் நோக்கி அனுப்பினார். ரஷ்யா அதை அள்ளிக் குடித்தது. புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ வால்மீன் ஆண்டின் மதுவைக் குறிப்பிடுகிறது. ‘போரும் அமைதியும்’ நாவலில் பியேர் பனிவானில் பார்த்து நெகிழும் வால்மீனும் இதுவே. டால்ஸ்டாயின் வாசகர்கள் எத்தனை பேர் அந்த வால்மீனைக் கிண்ணத்திலும் பார்த்திருப்பார்களோ தெரியாது. பால்டிக் கடலில் கிடைத்த கிளிக்கோ தக்கைகளில் அந்த வால்மீனின் நினைவாக ஒரு விண்மீன் முத்திரை இருந்தது.

அந்தப் புட்டிகளைப் பகுத்தபோது கிடைத்த இன்னோர் எண்தான் என்னைத் திகைக்க வைத்தது. லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை! இன்று கடையில் விற்கும் கோலா பானங்களில்கூட அவ்வளவு இல்லை. இன்றைய ‘ப்ரூட்’ வகை ஷாம்பெய்னில் அது 12 கிராமுக்குள் இருக்க வேண்டும். உயர்தரப் புட்டிகள் பலவற்றில் ஐந்தாறு கிராம்தான். ஆனால் அன்றைய ரஷ்யச் சந்தைக்கு 150கூடப் போதாது, அவர்கள் 300 கிராம்வரை கேட்டார்கள் என்பதால், மூழ்கிய கப்பல் ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்ததா, ஜெர்மானிய நாடுகளுக்கா என்ற ஐயத்தையே ஆய்வாளர்கள் எழுப்பினார்கள். கப்பலின் திசையைச் சர்க்கரையைக் கொண்டு கணிப்பது அழகான துப்பறிதல். ஒரு காலத்தின் உச்சமான சுவை, இன்னொரு காலத்தின் நாவில் பாகாகத் தித்திக்கிறது. இனிப்பைக் குறைக்கச் சொன்னவர்கள் ஆங்கிலேயர்கள். மற்றுமொரு கைம்பெண்ணான லூயிஸ் பொமெரி, 1874ஆம் ஆண்டின் விளைச்சலை ஏறக்குறைய இனிப்பே இல்லாமல் லண்டனுக்கு அனுப்பி வென்றார். இனிப்பு என்ற போர்வையை எடுத்துவிட்டால் பழுக்காத பழத்தை மறைக்க முடியாது. நல்ல ஆண்டு எது என்று பார்த்துப் பொறுக்க வேண்டிய கட்டாயம் வந்தது. விண்டேஜ் என்பது இவ்வளவு பெரிய மரியாதையைப் பெற்றதில் லண்டன்காரர்களின் புளிப்பு நாவுக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு.

மரியாதை பெற்ற ஆண்டுகளின் பட்டியலில் 1914 எப்போதும் இருக்கும். இதை எழுதாமல் கடக்க முடியவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் தொடக்கத்தில் ஜெர்மானியப் படை ரீம்ஸுக்குள் நுழைந்தது. மார்ன் போருக்குப் பின் பின்வாங்கி, நகருக்கு வெளியே குன்றுகளில் பீரங்கிகளை நிறுத்திக்கொண்டது. 19ஆம் தேதி பேராலயம் பற்றி எரிந்தது. திராட்சைத் தோட்டங்கள் அந்தப் பீரங்கிகளின் வீச்சுக்குள் இருந்தன. ஆண்கள் போர்முனையில். பழமோ பழுத்துவிட்டது, காத்திருக்காது. பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும் குண்டுகளுக்கு நடுவே பறித்தார்கள். பறிக்கப் போனவர்களில் திரும்பாதவர்கள் உண்டு. அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். நகரின் அடியில், ரோமானியர் காலத்திலிருந்து வெட்டிய சுண்ணாம்புக்கல் குகைகளில், புட்டிகளோடு மக்களும் குடியேறினார்கள். பள்ளிக்கூடங்களே அங்கே நடந்தன. அந்த அறுவடையிலிருந்து வந்த மது அந்நூற்றாண்டின் ஆகச் சிறந்தவற்றுள் ஒன்றாகக் கொண்டாடப்பட்டது.

அந்த மதுவில் போர் இருந்ததா? இருந்திருக்க முடியாது. வெயில்தான் இருந்தது. பழத்துக்குப் பீரங்கி தெரியாது. சுவைஞர்கள் எழுதும் குறிப்புகளில் தேன், காளான், வறுத்த காப்பி எல்லாம் வரும், அந்தச் சிறுவர்கள் வரமாட்டார்கள். வரவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் புட்டியில் ‘1914’ என்று நான்கு இலக்கங்களை எழுதி, அதற்காகக் கூடுதல் விலையும் வாங்குவதென்றால், அந்த ஆண்டில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற கேள்வி எழத்தான் செய்யும். வானிலையை மட்டும் சேர்ப்பது எளிது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னால், 1911இல், வெளியூர்த் திராட்சையை மலிவாக இறக்கி ஷாம்பெய்ன் என்று விற்ற வணிகர்களுக்கு எதிராக அதே மாநிலத்து விவசாயிகள் கொதித்தெழுந்து, அயி என்ற ஊரில் கிடங்குகளைச் சூறையாடியதும் இந்த மதுவின் வரலாறுதான். தெருக்களில் அன்று ஓடியது மது.

‘டோம் பெரிஞோன்’ பிறந்ததும் இன்னொரு கெட்ட காலத்தில். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் ஷாம்பெய்ன் விற்காமல் குகைகளில் தேங்கியது. திராட்சை விலை சரிந்து விவசாயிகள் நொடித்தார்கள். அப்போதுதான் மொயெட் எ ஷாந்தோன் நிறுவனத்தை நடத்திய ரொபேர்-ழான் தெ வோகுவே, 1921ஆம் ஆண்டின் மதுவைப் பதினெட்டாம் நூற்றாண்டுப் புட்டி வடிவில் அடைத்து, துறவியின் பெயரிட்டு, 1936இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார். தனித்த பெயரும் தனித்த விலையும் கொண்டு சந்தைக்கு வந்த முதல் பெருமித மது அது. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டருக்காக லூயி ரோடெரெர் 1876இல் செய்த ‘கிரிஸ்டல்’ அதற்கு மூத்தது என்றாலும், அப்போது அது அரண்மனைக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

தெ வோகுவேயை வெறும் ஆடம்பரப் பொருள் வணிகராக நினைத்துவிட முடியாது. திராட்சை விவசாயிகளுக்கு நியாயமான விலை கொடுக்க வேண்டும் என்று தம் வர்க்கத்தினரிடமே வாதாடியவர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1941இல், நிறுவனங்களையும் விவசாயிகளையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்த கூட்டமைப்பு உருவாக முன்நின்றார். எதிர்ப்பியக்கத்தோடு தொடர்பு இருந்ததால் 1943 நவம்பரில் கெஸ்டபோ அவரைக் கைதுசெய்தது. மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஷாம்பெய்ன் மாநிலமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தண்டனை நிறைவேறவில்லை, ஆனால் ஜெர்மானியச் சிறைகளில் உருக்குலைந்து, 1945இல்தான் ஊர் திரும்பினார். நண்பரின் புட்டியைக் காலிசெய்த அன்று இது எதுவும் எனக்குத் தெரியாது. அதன் முன்பக்கத்துக் கேடயச் சின்னத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெரிந்திருந்தால் சுவை மாறியிருக்குமா என்று அதே நண்பரிடம் பின்பு கேட்டேன். ‘நாக்கு அப்படியேதான் இருந்திருக்கும். நீ அரை மணி நேரம் காத்திருக்காமல் முதலிலேயே மெதுவாகக் குடித்திருப்பாய்’ என்றார். அந்தக் காலிப் புட்டி இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. தக்கையில் இருந்த மணம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

பால்டிக் புட்டிகளின் கதை முடிந்துவிடவில்லை. 2014இல் வெவ் கிளிக்கோ நிறுவனம் தன் மதுவில் சில நூறு புட்டிகளை ஓலந்துத் தீவுகளின் அருகே மீண்டும் கடலுக்குள் இறக்கியது. அதே மது ரீம்ஸின் சுண்ணாம்புக்கல் குகைகளிலும் வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வப்போது ஒன்றை மேலே எடுத்து, குகையில் இருப்பதோடு ஒப்பிட்டுச் சுவைத்துப் பார்க்கிறார்கள். சில பத்தாண்டுகள் நீளும் சோதனை அது. கடைசிப் புட்டியைத் திறக்கப்போகிறவர்களில் சிலர் இன்று ரீம்ஸின் ஏதாவதொரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம்.